மஞ்சள் திரும்பும் வரை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் குடுவையக்கா என்று பெயர். அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கிறது. அதைப் படிப்பவர்கள் சம்பளப் பிரிவுக்காரர்கள் மட்டும்தான். காலையில் முதல் ஆளாக வந்து, முந்தின நாள் ஆராய்ச்சி மாணவர்கள் அப்படியே போட்டுவிட்டுப் போன கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக் கவிழ்ப்பாள். பிறகு கிருமிகளுக்கான சாப்பாட்டைக் கலக்கி, பெரிய பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும் இயந்திரத்தில் வேகவைத்து, ஆறவைத்து, யார் யாருக்கு எவ்வளவு என்று பிரித்து வைப்பாள். கல்யாணப் பேச்சு பலமுறை வந்து பலமுறை நின்றுபோனதால் புருஷன் பிள்ளைகளுக்குச் சமைத்துப்போடும் பாக்கியம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறை இப்படித் தீர்ந்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு நன்றாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில்.

அவள் சமைத்துப்போட்ட கிருமிகளில் ஒன்றுக்கு மட்டும் செல்லம் அதிகம். புகையிலைக் கழிவைக் கொட்டிக் கொட்டி, புல்கூட முளைக்காமல் போன மண்ணிலிருந்து தோண்டி எடுத்து வந்தது அது. சிகரெட்டில் இருக்கும் நிக்கோட்டின் மற்ற பூச்சி புழுக்களுக்கெல்லாம் விஷம். இந்தக் கிருமிக்கோ அதுதான் மூன்று வேளைச் சாப்பாடு. சர்க்கரை வேண்டாம், சத்து வேண்டாம். உப்புத் தண்ணீரில் கொஞ்சம் நிக்கோட்டினைக் கலந்து வைத்தால் போதும், மறுநாள் குடுவை கலங்கிப்போய் நிற்கும். அவள் இரண்டு கையுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, மூக்கை மூடிக்கொண்டு அதை ஊற்றுவாள். "தின்னு, தின்னு, உன்னை மாதிரி வயிறு யாருக்கு வரும்" என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவாள்.

அந்தக் கிருமியின் வயிற்றில் நிக்கோட்டினை முதலில் கடித்து உடைப்பது ஒரு நொதி. சோற்றைச் செரிக்க நம் வயிற்றில் சில சரக்குகள் சுரக்கின்றன அல்லவா, அந்த ஜாதிதான். அதை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து மனிதனுடைய ரத்தத்தில் விட்டால், இழுத்த புகை மூளைக்குப் போகும் முன்பே நிக்கோட்டினைத் தின்றுவிடும். போதை ஏறாத சிகரெட்டை எவன் பிடிப்பான்? தானாக விட்டுவிடுவான். இதுதான் பேராசிரியரின் கனவு. நல்ல மனுஷர், பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்வார். வாசலில் பெரிய படம் ஒன்று ஒட்டியிருந்தார்கள். பச்சை நிறக் கிருமி ஒன்று கண்ணை உருட்டிக்கொண்டு, பல்லால் சிகரெட்டைக் கடிக்கிறது. கிருமிக்குப் பல் வரைந்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் இரண்டு வார்த்தை கேட்கலாம்.

அந்தப் படத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு உள்ளே போகிறவளுக்கு ஒரு தம்பி இருந்தான்.

அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். அம்மா கண்ணை மூடியபோது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. சோறு போட்டதும் உதை கொடுத்ததும் அக்காதான். பள்ளிக்கூடச் சட்டைப் பையில் முதல் சிகரெட்டைக் கண்டுபிடித்து அவன் கன்னத்தில் அறைந்ததும் அவள்தான். அறை வீணாய்ப் போயிற்று. பேருந்து வேலை கிடைத்த பிறகு தடத்தின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று என்று ஊதித் தள்ளினான். வலது கையில் இரண்டு விரல்கள் எப்போதும் மஞ்சளாக இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. அவனுக்குக் கல்யாணம் ஆகி, அடுத்த வீட்டிலேயே குடித்தனம் வைத்த பிறகும் ராத்திரிச் சாப்பாடு மூன்று பேருக்கும் ஒரே மேசையில்தான்.

கால் வலி என்று ஆரம்பித்தது. கிளட்சை மிதிக்கிற இடது கால். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். பிறகு பெருவிரல் ஜில்லென்று ஆயிற்று. நகத்தோரம் ஒரு புண் வந்து ஆறாமல் உட்கார்ந்துகொண்டது. ரத்தக்குழாய் மருத்துவர் காலைத் தொட்டுப் பார்த்தார், அவன் கைவிரல்களைப் பார்த்தார், சுற்றி வளைக்கவில்லை.

"இந்த நோய்க்கு மருந்து மாத்திரையெல்லாம் சும்மா துணைக்குத்தான். சிகரெட்டை விட்டீங்கன்னா கால் இருக்கும். விடலைன்னா விரல் போகும், அப்புறம் பாதம் போகும். குறைக்கிறதெல்லாம் கணக்குல வராது. நிக்கோட்டின் சூயிங்கம், ஒட்டுற பட்டை, அதுவும் கூடாது. அதுலயும் அதே சரக்குதான்."

கால் போனால் பேருந்து போகும் என்று அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து, சிகரெட் பெட்டியையும் லைட்டரையும் அவள் கையில் வைத்தான்.

"வச்சுக்கோக்கா. நான் கேட்டாலும் குடுக்காத."

அவள் அதை அலமாரியில் துண்டுகளுக்கு அடியில் செருகினாள். பிறகு வந்த நாட்கள் நரகம். அவனுக்கு வியர்த்தது, கை நடுங்கியது, தூக்கமில்லை. குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டான். நிறுத்தம் இல்லாத இடத்தில் இறக்கிவிடச் சொன்ன பயணியோடு சண்டை போட்டான். தம்பி மனைவி அடுப்படியில் நின்று அழுதாள். அழுதாலும் அவள் அசையவில்லை. "கத்தட்டும் அண்ணி, கால் இருந்தா போதும்" என்றாள். அப்படி ஒரு வாரம் ஓடியது. வாரக் கடைசியில் ஓர் இரவு முழுக்கத் தூங்கினான். முகம் மட்டும் செத்த வீட்டு முகமாகவே இருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்வான், அவ்வளவுதான். அக்காவுக்கு அதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஆய்வுக்கூடத்தில் நொதியைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள். சின்னக் கண்ணாடிக் குப்பியில் இருந்தது. நல்ல மஞ்சள். மாணவி ஒருத்தி அதில் ஒரு சொட்டு நிக்கோட்டினை விட்டாள். மஞ்சள் போய்விட்டது. கண் இமைக்கும் நேரம்தான், குப்பியில் இருந்தது நிறமில்லாத வெறும் தண்ணீர் மாதிரி ஆயிற்று. சுற்றியிருந்தவர்கள் "ஓ" என்றார்கள். கழுவிய குடுவைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்த குடுவையக்கா கதவோரம் நின்று இதைப் பார்த்தாள்.

தம்பியின் விரல் மஞ்சள்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. வேறு என்ன வரும்? நிக்கோட்டின் என்றால் மஞ்சள், மஞ்சள் போனால் நிக்கோட்டின் போயிற்று. அவள் மனது அப்படிக் கணக்குப் போட்டது. யாரும் அவளுக்குத் தப்பாகச் சொல்லவில்லை, யாரும் எதுவுமே சொல்லவில்லை. மாணவி குப்பியை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். நிறம் போன குப்பி வேலை முடிந்த குப்பி என்று நினைத்து, குடுவையக்கா அதைத் தூக்கிப்போய்க் கழுவிவிட்டாள். அடுத்தடுத்த குப்பிகளையும் அப்படித்தான் கழுவினாள். மாணவிகள் புதிது கலந்துகொண்டார்கள், அவளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையில் இடி விழ.

முதல் குப்பியைப் பார்த்த அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் தலைகால் புரியாமல் பேசினாள்.

"டேய், இன்னிக்கு என் கண்ணால பாத்தேன்டா. ஒரு சொட்டு விட்டாங்க. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள மொத்தத்தையும் தின்னுடுச்சு. இனிமே மருந்து வர வேண்டியதுதான் பாக்கி."

தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "ரத்தத்துல இருக்கறதையும் தின்னுமா?"

"அதுக்குத்தானே செய்யறாங்க."

"அப்போ ஊசி போட்டுக்கிட்டா, ஊதினாலும் காலுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னுதான் நினைக்கறேன்."

அவன் சிரித்தான். அந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தான். "அப்புறம் நான் எதுக்குக்கா இப்பவே செத்துச் செத்துப் பிழைக்கணும்? கொஞ்ச நாள்தானே. ஊசி வந்ததும் போட்டுக்கறேன், இதையும் விட்டுத் தொலைக்கறேன். எடு அந்தப் பெட்டியை."

"அண்ணி, வேண்டாம்" என்றாள் தம்பி மனைவி.

அக்கா எழுந்து போனாள். துண்டுகளை விலக்கி, பெட்டியையும் லைட்டரையும் எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் பிடுங்கவில்லை, மிரட்டவில்லை. சிரித்த முகத்தைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் அது அப்படித்தான் நடந்தது.

அதன்பிறகு வீடு கலகலப்பானது. டிப்போவில் அவன் மார்தட்டிக்கொண்டான், "எங்கக்கா சிகரெட் திங்கற கிருமி வளர்க்குது, நம்மளை எதுவும் பண்ண முடியாது" என்று. சக ஓட்டுநர்கள் ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்து, மருந்து வந்தால் தங்களுக்கும் சொல்லச் சொன்னார்கள். மருத்துவர் கொடுத்த அடுத்த தேதிக்கு அவன் போகவில்லை. போனால் திட்டுவார், எதற்கு வம்பு. புண் கொஞ்சம் ஆழமாயிற்று. அதற்குச் செருப்பை மாற்றினான்.

அவன் கால் பெருவிரல் நுனி கறுத்த பிறகுதான் அவளுக்கு விசாரிக்கத் தோன்றியது. பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டினாள். இத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் அவள் பேச வந்தது அதுதான் முதல் தடவை.

"சார், மருந்து எப்போ வரும்?"

"எந்த மருந்துக்கா?"

"நம்ம மஞ்சள் மருந்து. சொட்டு விட்டதும் தின்னுடுதே, அது."

அவர் அவளைப் பார்த்தார். கேலி செய்யவில்லை. எழுந்து வந்து மேசையருகே அவளை நிறுத்தி, மஞ்சள் குப்பியை எடுத்து ஒரு சொட்டு விட்டார். நிறம் போயிற்று.

"இப்போ நிக்கோட்டின் எங்க?"

"போயிடுச்சு."

"போகலைக்கா. அப்படியேதான் இருக்கு. மஞ்சள் நிறம் நிக்கோட்டினோடது இல்ல, நொதியோடது. ஒரு வாய் கடிச்சதும் அதோட நிறம் போயிடும். வாயில இருக்கறதை எங்கயாவது எறக்கி வச்சாத்தான் அடுத்த வாய் கடிக்க முடியும். கிருமிக்குள்ள இருக்கறப்போ அதை வாங்கிக்க ஒரு கூட்டாளி இருக்கு. வெளிய எடுத்துட்டா காத்து மட்டும்தான். காத்துக்கிட்ட குடுக்க அதுக்கு ரொம்ப நேரமாகுது. நிக்கோட்டின் தீர்ந்தாத்தான் மஞ்சள் திரும்பும். நீங்க வேணா பாருங்க."

அவள் பார்த்தாள். முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குப்பிக்கு எதிரே உட்கார்ந்தாள். மாணவர்கள் போனார்கள், வந்தார்கள். சாப்பாட்டு நேரம் போயிற்று. குடுவைகள் கழுவாமல் கிடந்தன. சாயங்காலம் கூட்டுகிறவள் வந்து விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டபோதும் குப்பி வெறும் தண்ணீராகத்தான் இருந்தது. இத்தனை நாள் அவள் கழுவிக் கவிழ்த்த குப்பிகள் எல்லாம் ஒரு வாய் கடித்துவிட்டு விழிபிதுங்கி உட்கார்ந்திருந்தவை.

கிளம்பும்போது பேராசிரியர் கேட்டார், எதற்காக விசாரித்தாள் என்று. சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பத்து வருஷம் ஆகலாம்கா. வராமலேயும் போகலாம். வந்தாலும் அது விடுறதுக்குத்தான் உதவும், பிடிக்கறதுக்கு இல்ல. அவரை இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க."

இன்றைக்கே சொல்ல வேண்டும் என்றுதான் அவளும் வந்தாள். வழி முழுக்க வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தாள். வீட்டில் தம்பி காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "என்னக்கா, உன் கிருமிங்க என்ன சொல்லுதுங்க?" என்றான். தம்பி மனைவியும் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது. நான் எதுவும் தெரியாமல் உளறிவிட்டேன், குப்பி கழுவுகிறவளுக்கு நிறத்தைப் பற்றி என்ன தெரியும் என்று இந்த இரண்டு பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"வேலை நடக்குது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினாள். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்தார்கள். அப்படியும் இப்படியுமாக நாட்கள் ஓடின. விரல் முழுக்கக் கறுத்த அன்று பொறுக்கமாட்டாமல் உடைத்தாள். மருந்து கிடையாது, நான் பார்த்தது வேறு, சொன்னது தப்பு, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் நிறுத்திவிடு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

தம்பி புகையை ஊதினான். "சின்ன வயசுல சிகரெட் பிடிச்சா உதடு அழுகிடும்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா? நுரையீரல் வாய் வழியா வரும்னே. இப்போ இது. என்னை நிறுத்த வைக்க நீ என்ன வேணா சொல்லுவே."

"சத்தியமாடா."

"கண்ணால பாத்தேன்னு அன்னிக்கும் சத்தியமாத்தான் சொன்னே."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. வளர்த்த அக்காவைப் பேச்சில் மடக்கிவிட்ட பிள்ளையின் சந்தோஷத்தோடு சொன்னான். வாழ்நாள் முழுக்க அவனை மிரட்டி மிரட்டியே வளர்த்தவள் இப்போது உண்மையைச் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் அவன் மனைவியைப் பார்த்தாள். தம்பி மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

முதலில் விரலை எடுத்தார்கள். ஆறவில்லை. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வெளியே வந்த மருத்துவர் அக்காவிடம் எதையும் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது. ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில் தம்பி மனைவி அவளை விட்டுத் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"அன்னிக்கு வேண்டாம்னு சொன்னேன் அண்ணி."

"சொன்னே."

"நீங்க எழுந்து போய் எடுத்துட்டு வந்தீங்க."

அக்கா தலையை ஆட்டினாள். அதற்குமேல் அவர்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சு வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் ராத்திரிச் சாப்பாடு தனித்தனி ஆயிற்று. சண்டை என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை, இரண்டு அடுப்பு எரிந்தது, அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்தில் வேலை நிற்கவில்லை. நொதியை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் மாற்றிப் பார்த்தார்கள். காற்றிடம் சட்டென்று இறக்கி வைக்கிற மாதிரி ஒன்று கடைசியில் அமைந்தது. எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மாணவி ஒரு சொட்டு விட்டாள். இந்தத் தடவை மஞ்சள் போகவில்லை. லேசாக வெளுத்தது, உடனே திரும்பிவிட்டது. கைதட்டினார்கள். ஒன்றுமே நடக்காததைப் பார்த்து இத்தனை பேர் கைதட்டுகிறார்களே என்று வெளியாள் யாராவது பார்த்தால் சிரித்திருப்பான். குடுவையக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது அவளுக்குப் புரியும். கேக் வெட்டினார்கள். பேராசிரியர் நன்றி சொன்ன ஆட்களில் அவளையும் சேர்த்தார், சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மருந்தாக வர இன்னும் எத்தனையோ சோதனைகள் பாக்கி இருக்கின்றன என்றும் சொன்னார். இதை அவர் எப்போதும் சொல்கிறவர்தான், முன்பு கடைசியில் மெதுவாகச் சொல்வார், இப்போது முதலிலேயே சொல்கிறார்.

அவள் தன் பங்குக் கேக்கைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு டிப்போவுக்குப் போனாள். தம்பிக்கு அங்கே வாசலில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளே வருகிற, வெளியே போகிற பேருந்துகளுக்குக் கேட்டைத் திறந்துவிடும் வேலை. மாட்டியிருந்த கட்டைக்காலை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தான். சட்டைப் பை தட்டையாக இருந்தது. காலை எடுத்த மறுநாள் நிறுத்தியவன்தான், அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தொடவில்லை. விரல்களில் மஞ்சள் மங்கி, சாதாரணக் கை மாதிரி ஆகியிருந்தது.

"என்ன விசேஷம்?" என்றான் கேக்கைப் பிரித்தபடி.

"அது வேகமா தின்ன ஆரம்பிச்சிடுச்சு."

"பரவாயில்லையே." ஒரு வாய் மென்றான். பேருந்து ஒன்று வந்தது. கேட்டைத் தள்ளிவிட்டு, அது உள்ளே திரும்புவதைக் கடைசிவரை பார்த்துவிட்டு நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "ஆனா ஒண்ணு சொல்லட்டுமாக்கா. இதுக்கு மருந்தே தேவையில்ல. நான் என்னமோ பெரிய மலைன்னு நினைச்சேன். முதல் வாரம்தான் உயிர் போகுது. அதைத் தாண்டிட்டா அப்புறம் சும்மா ஒரு நமைச்சல்தான்."

அவள் அவன் சட்டையில் சிந்திய கேக் துணுக்கைத் தட்டிவிட்டாள்.

அவன் காகிதத்தைக் கசக்கிக்கொண்டே எதையோ யோசித்தான். முகத்தில் குத்தல் எதுவும் இல்லை, மறந்துபோன ஒன்றைச் சரிபார்க்கிறவன் போலத்தான் கேட்டான்.

"அந்த வாரத்தை நான் அப்பவே தாண்டியிருந்தேன், இல்ல?"

"ஆமா" என்றாள் அக்கா. "தாண்டியிருந்தே."

அடுத்த பேருந்து வாசலில் ஹாரன் அடித்தது. அவன் எழுவதற்குள் அவளே போய்க் கேட்டைத் திறந்துவிட்டாள்.